பவர் இறங்கினாலும் கண் நீளம்தான்

மைனஸ் எட்டு பவரோடு இருந்தவர் லேசிக் செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார். கண் குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். அவர்களுக்கு அரைகுறையாகச் சொல்லப்படுகிற செய்தி ஒன்று உண்டு.

பெரியவர்களின் கண் சராசரியாக 24 மில்லிமீட்டர் நீளம். கடும் கிட்டப்பார்வையில் அது 26-ஐத் தாண்டும், சிலருக்கு 30-ஐயும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பவர் ஏறும். லேசிக் கருவிழியைச் செதுக்கி ஒளி குவியும் இடத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். செதுக்கப் போதுமான தடிமன் இல்லாதவர்களுக்கு, இயற்கை லென்ஸை அப்படியே விட்டு, அதன் முன்னால் மெல்லிய லென்ஸ் ஒன்றைப் பொருத்துகிறார்கள். இரண்டிலும் கண்ணின் நீளம் துளியும் குறையாது.

1890-இல் ஆஸ்திரிய மருத்துவர் ஃபுகாலா, இயற்கை லென்ஸையே எடுத்துவிடும் அறுவையை முன்வைத்தார். பவர் குறைந்தது. ஆனால் பின்னாளில் பலருக்கு விழித்திரை பிரிந்ததால் அந்த முறை கைவிடப்பட்டது. முன்பக்கத்தைச் சரிசெய்தால் பின்பக்கம் சும்மா இருந்துவிடாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பார்வை பறிபோவது அந்தப் பின்பக்கத்தில்தான். ஊதிய பலூனின் ரப்பரைப் போல விழித்திரை மெலிகிறது. ஓரத்தில் கிழிந்தால் உள்ளிருக்கும் திரவம் கிழிசல் வழியே புகுந்து திரையைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். நடுவில் உள்ள மாகுலாவில் ஓட்டை விழலாம். அதன் அடுக்குகள் பிளக்கலாம். இவற்றுக்குத்தான் விட்ரெக்டமி. 1970-இல் மயாமியில் ராபர்ட் மகெமர் தொடங்கிவைத்த முறை இது. மிக நுண்ணிய துளைகள் வழியே உள்ளிருக்கும் ஜெல்லை அகற்றி, மாகுலாவை இழுக்கும் சவ்வை உரித்து, வாயுவோ சிலிக்கோன் எண்ணெயோ நிரப்புகிறார்கள். அதன்பின் நாள்கணக்கில் குப்புறப் படுக்கச் சொல்வதும் உண்டு. வாயு கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. உயரத்தில் அது விரிந்து கண்ணின் அழுத்தத்தைக் கூட்டிவிடும். சிலருக்கு, புடைத்த பின்சுவரை வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளும் பட்டையையும் தைக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் கத்தி இல்லை. புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிந்தால், கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துதான் வழி. மாகுலாவின் செல்களே அழிந்துபோயிருந்தால் எந்த அறுவையும் அவற்றைத் திருப்பித் தராது. இதை முதலிலேயே சொல்லிவிடும் மருத்துவரை நம்பலாம்.

விழித்திரை பிரிந்தவர்களுக்கு நேரமே பெரிது. மாகுலாவும் சேர்ந்து பிரிவதற்குள் அறுவை நடந்தால் பார்வை பெரும்பாலும் தப்பும். கண்ணில் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். லேசிக் செய்தவர்களுக்கும் ஆண்டுக்கொருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை தேவை. அவர்கள் பழைய பவர் சீட்டையும் தூக்கிப்போடக் கூடாது. கடும் கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண்புரை சீக்கிரமே வரும். அப்போது வைக்கும் லென்ஸின் அளவைக் கணக்கிட அந்தச் சீட்டு கைகொடுக்கும்.