பிள்ளைப் பருவமும் இளைஞர் மனநலமும்

இளமையில் துன்புற்றவர் வாழ்நாள் முழுதும் துன்புறுவர் என்பாரும் உளர். வயது ஏற ஏற எல்லாம் மறந்துபோம் என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் முழு உண்மையல்ல என்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 9,500-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்தம் பிள்ளைப் பருவம் பற்றி வினவிய ஆய்வொன்றை ஃபெலிட்டி, ஆண்டா முதலிய மருத்துவர்கள் 1998ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடி, இழிசொல், பாலியல் கொடுமை, தாய் அடிபடுதல், வீட்டில் குடிகாரரோ மனநோயுற்றவரோ சிறை சென்றவரோ இருத்தல் என ஏழு வகைத் துன்பங்கள் கணக்கிடப்பெற்றன. நான்கோ அதற்கு மேலோ பட்டவர்கள், ஒன்றும் படாதவரைவிடக் குடி, போதைப்பொருள், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கு 4 முதல் 12 மடங்கு மிகுதியாக ஆளாகக்கூடியவராய் இருந்தனர்.

இதற்குக் காரணம் என்ன? அச்சம் நேரும்போது உடலில் சில சுரப்புநீர்கள் பெருகி நம்மைக் காக்கின்றன. ஆனால் அச்சமே அன்றாட வாழ்வாகிவிட்டால், வளரும் மூளை எந்நேரமும் ஆபத்தை எதிர்நோக்கப் பழகிவிடுகிறது. அப்பிள்ளை இளைஞனானபின், ஆபத்தில்லாத இடத்திலும் பதைக்கிறான், சிறு சொல்லுக்கும் சீறுகிறான், உறக்கமின்றி வாடுகிறான். பிறர் இதைத் திமிர் என்பர்.

எனினும் தராசுக்கு மற்றொரு தட்டும் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் 6,188 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மனத்தில் உள்ளதை வீட்டாரிடம் சொல்ல முடிந்ததா, பெற்றோரல்லாத பெரியவர் இருவரேனும் அக்கறை காட்டினரா, பள்ளியில் தானும் ஒருவன் என்ற எண்ணம் இருந்ததா, ஊர் விழாக்களில் மகிழ்ந்ததுண்டா என்பன போன்ற ஏழு கேள்விகள் கேட்கப்பெற்றன. இரண்டு வரையே நல்லனுபவம் பெற்றவருள் நூற்றுக்கு 48 பேருக்கு மனச்சோர்வோ மனநலக் குறைவோ இருந்தது. ஆறோ ஏழோ பெற்றவருள் ஏறக்குறைய 13 பேருக்கே இருந்தது. துன்பம் மிகுதியாகப் பட்டவரிடையேயும் நல்லனுபவத்தின் பயன் தெரிந்தது.

கரும்பு, அன்னாசித் தோட்டங்கள் அந்நாளில் நிறைந்திருந்த ஹவாயின் கவாய்த் தீவின் வரலாறு நமக்கு இன்னும் நெருங்கியது. அங்கு 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் நாற்பது வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி ஆகியவற்றிடையே பிறந்த பிள்ளைகளுள் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உடைய இளைஞராயினர். அவர்களைத் தாங்கிப் பிடித்த கைகள் பாட்டியுடையனவாக, அண்டை வீட்டாருடையனவாக, ஆசிரியருடையனவாக இருந்தன. மற்ற இரு பங்கினர் இடர்ப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே, நல்லனுபவம் பின்னர் கிட்டும் என்று கொடுமையைப் பொறுத்தல் தகாது.

காஜாங் வட்டாரத்தில் இஞ்ச் கென்னத் தோட்டம் 1890களிலேயே ரப்பர் கண்டது. அத்தகைய தோட்டங்களின் லயங்களில் கள்ளும் சண்டையும் பிள்ளைகளை வருத்தின. அதே லயத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை ஒரு வாய் சோறிட்டாள். கோயில் திருவிழா வந்தது. பிள்ளைகள் அனைவரையும் பேர் சொல்லி அழைக்கும் பள்ளி ஆசிரியர் இருந்தார். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, குடும்பங்கள் அடுக்குமாடிகளில் குடியேறியபோது சண்டையும் குடியும் உடன்வந்தன. அத்தையும் ஆயாவும் உடன்வரவில்லை. மலேசியாவில் 2022-இல் நடந்த தேசிய ஆய்வில், இடைநிலைப்பள்ளி மாணவருள் நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வுக் குறிகள் காணப்பெற்றமை ஈண்டு நினைக்கத்தக்கது.

அக்குறையை ஓரளவேனும் நிரப்பவல்லது பள்ளியே. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வகுப்பில் தூங்கும் பிள்ளையைப் பிரம்பால் எழுப்பாமல், இரவு என்ன நேர்ந்தது என்று தனியே கேட்கலாம். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டை விசாரிக்கலாம். உடம்பில் தழும்பு கண்டால் தலைமையாசிரியருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் தெரிவிக்க வேண்டும். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கும் அழைக்கலாம். ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்புப் பெயர்ப்பட்டியலை எடுத்து, எந்தப் பிள்ளையிடம் இவ்வாரம் ஒரு சொல்லும் தனியே பேசவில்லை என்று பார்ப்பாராயின், பணியை எங்கே தொடங்குவது என்பது விளங்கும்.