தூண்டில் கம்பும் கைப்பிடியும்

தூண்டில் என்றதும் முள்ளையும் இரையையும் பற்றிப் பேசுவோர் பலர். கம்பின் கைப்பிடியைப் பற்றிப் பேசுவோர் அரியர். பவானிசாகரில் ஒரு பெரிய மீனைக் கைநழுவ விடும்வரை நானும் அதை எண்ணிப் பார்த்ததில்லை.

பவானியும் மாயாறும் கூடுமிடத்தில் 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது அவ்வணை. நம் பக்கத்து அணைகளிலும் குளங்களிலும் வளர்க்கப்படும் கெண்டை இனங்களுள் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை கங்கைச் சமவெளி ஆறுகளைச் சேர்ந்தவை. சாதாக் கெண்டையோ அயல்நாட்டு விருந்தாளி; 1939-இல் இலங்கையிலிருந்து உதகைக்கு வந்தது. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடும். எதுவாயினும் மாட்டிய பின் இழுக்கும் இழுப்பு சாமானியமானதன்று. ஆகவேதான் இவற்றுக்கு 12 அடிக் கம்பு வைத்து, இரு கைகளாலும் பிடிக்கிறார்கள்.

இங்கே இயற்பியல் வகுப்பில் படித்த நெம்புகோல் வந்துவிடுகிறது. ரீல் இருக்குமிடத்தில் வலக்கை, கம்பின் அடியில் இடக்கை. வலக்கையிலிருந்து நுனி 10 அடி, அடிப்பகுதி 2 அடி என்று கொள்வோம். நுனியில் மீன் 1 கிலோ எடைக்கு இழுத்தால் இடக்கை 5 கிலோ அளவுக்குத் தாங்க வேண்டும். அடிப்பகுதியை ஒன்றரை அடியாகக் குறைத்தால் அது 6.7 கிலோவாகிறது. கம்பு வளைவதால் உண்மையில் இவ்வளவு வராது. எனினும் குட்டைப் பிடி கையை ஓய்த்துவிடும் என்பது விளங்கும். மிக நீண்டாலோ வீசும்போது விலாவில் இடிக்கும். அடியை அக்குளில் வைத்துக் கையை நீட்டினால் விரல்கள் ரீலைத் தொட வேண்டும். அதுவே அவரவர்க்கு ஏற்ற அளவு.

இனிப் பொருள். தக்கை என்றால் மிதவையையும் குறிப்பதால் கார்க் என்றே எழுதுகிறேன். போர்ச்சுக்கல், ஸ்பெயின் நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை அது. மரத்தை வெட்டாமல் ஏறத்தாழ 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்தெடுப்பார்கள். அதன் நுண்ணறைகளில் காற்று அடைபட்டிருப்பதால் எடை குறைவு, நனைந்தாலும் வழுக்காது. மட்டமான கார்க்கில் குழிகள் மிகுதி. அவற்றைத் தூளும் பசையும் கலந்து அடைத்திருப்பார்கள், நாளடைவில் உதிர்ந்துவிடும். ஈவா எனப்படும் நுரைப்பொருள் ஓட்டக் காலணிகளின் அடியில் இருப்பதுதான். நீரை உறிஞ்சாது, கழுவினால் அழுக்குப் போய்விடும். கடலைப் புண்ணாக்கும் மைதாவும் பிசைந்த கையோடு கம்பைப் பிடிப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

மூன்றாவதாகப் பிளவுப் பிடி. ரீலருகே ஒரு துண்டு, அடியில் ஒரு துண்டு. நடுவில் கம்பு வெறுமனே இருக்கும். பார்க்க மிடுக்கு, எடையும் குறைவு. நான் ஆசைப்பட்டு வாங்கியது இதைத்தான். ஆனால் கெண்டைக்குக் கம்பைத் தாங்கியில் சாய்த்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கிறோம். எடை குறைந்து ஆவதென்ன? உரிய அனுமதியோடு போயிருந்த அன்று மீன் மாட்டியது. பதற்றத்தில் என் ஈர இடக்கை அந்த வெற்றுக் கம்பில் விழுந்து வழுக்கியது. நுனி தாழ்ந்தது, நரம்பு தளர்ந்தது, முள் கழன்றது. அவ்வளவுதான்!

உடன் வந்த மாமா சைக்கிள் டியூப் சுற்றிய மூங்கில் கம்பு வைத்திருப்பவர். "கடையில காஞ்ச கையில புடிச்சுப் பாத்து வாங்கியிருப்ப கண்ணு. ஈரக் கையில புடிச்சுப் பாத்தியா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

பூப்பந்து மட்டைக்குச் சுற்றும் நாடாவை வாங்கி அந்த வெற்றிடத்தில் சுற்றிவிட்டேன், இப்போது வழுக்குவதில்லை. சென்ற மாதம் நண்பனுக்குக் கம்பு வாங்க நகரத்துக் கடையொன்றுக்குப் போய், கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். கடைக்காரர் தம்ளரை அன்போடு நீட்டினார். நான் குடிக்காமல் அதில் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பாகப் பிடிக்கத் தொடங்கியதும், அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!