கைமாறிய வீரர்

ஸ்லொவேனியாவில் 1999இல் பிறந்த லூக்கா டொன்ச்சிச், 13 வயதிலேயே ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பில் கூடைப்பந்து பழகப் போனவர். 2018இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்குக்கான வீரர் தேர்வில் மூன்றாவது ஆளாக அவரை எடுத்தது அட்லாண்டா அணி. எடுத்த கையோடு டல்லாஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தும் விட்டது! முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்குத்தான். 2024 ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள் குவித்தார். எதிரே ஆடியது யார் தெரியுமா? அதே அட்லாண்டாதான். அவ்வளவு ஆடியவரை டல்லாஸாவது வைத்துக்கொண்டதா என்றால், அதுவும் இல்லை. 2025 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டது. டல்லாஸ் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.