விறகும் வெப்பமும்: சுற்றுச்சூழல் அமைப்பினர் கூறுவது யாது?

பட்டுக்கூட்டை வேகவைக்கவும், நூலுக்குச் சாயம் ஏற்றவும், மாங்கூழைக் காய்ச்சவும் வெப்பம் வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நூற்பாளருக்கும் சாயப்பட்டறைகளுக்கும் நெடுங்காலமாக அவ்வெப்பத்தை அளித்து வந்தது விறகு. இன்று அதே விறகும், வைக்கோலும், உமியும் ‘பயோமாஸ்’ என்னும் புதுப்பெயர் பூண்டு, பெரிய ஆலைகளுக்கு வெப்பமும் மின்சாரமும் தர வந்துள்ளன. இது நன்மையே என்று சிலரும், காட்டை அழிக்கும் வழி என்று சிலரும் உரைக்கின்றனர். சுற்றுச்சூழல் அமைப்பினரிடையேயே இதுபற்றி ஒருமித்த கருத்து இல்லை. இரு சாராரின் காரணங்களையும் அறிந்துகொண்டால், சங்கத்திற்கெனக் கொதிகலன் வாங்கும்போது நாம் நல்ல முடிவுக்கு வர இயலும்.

ஆதரிப்போர் கூற்று

மரம் வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்கிறது. எரியும்போது அதையே திரும்ப வெளிவிடுகிறது. வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்த்தால் வரவும் செலவும் நேராகிவிடும் என்பது ஆதரிப்போர் வாதம். கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் கிடந்த நிலக்கரிக்கு இவ்வாதம் பொருந்தாது அன்றோ? மேலும், வயலிலே கொளுத்தப்படும் வைக்கோலை அனல்மின் நிலையத்திற்கு அனுப்பினால் புகை குறையும். உழவருக்கும் சிறிது வருவாய் கிட்டும். இந்நோக்குடன் மத்திய மின்சார அமைச்சகம் 2021ஆம் ஆண்டில், நிலக்கரி நிலையங்கள் 5 சதவீத அளவு தாவரக் கழிவு உருண்டைகளைச் சேர்த்து எரிக்குமாறு கொள்கை வகுத்தது. டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையமும் வடநாட்டு வைக்கோல் எரிப்புக்கு இதனை ஒரு பரிகாரமாகக் கருதுகிறது.

எதிர்ப்போர் கூற்று

எதிர்ப்போர் காலக்கணக்கைச் சுட்டுகின்றனர். ஒரு மரம் சில நிமிடங்களில் எரிந்துவிடும். அதன் இடத்தில் மற்றொன்று வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். அதுவரை அவ்வாயு காற்றிலேயே தங்கும். ஒரு யூனிட் மின்சாரத்திற்கு விறகு வெளிவிடும் வாயு நிலக்கரியைக் காட்டிலும் குறைந்ததன்று. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலுள்ள டிராக்ஸ் மின்நிலையம் அமெரிக்கா, கனடா நாடுகளிலிருந்து மர உருண்டைகளைக் கப்பலில் தருவித்து எரிப்பதை அந்நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்புகள் கடுமையாகக் கண்டித்து வருகின்றன. 2018ஆம் ஆண்டில் ஏறக்குறைய 800 விஞ்ஞானிகள், ஆலைக்கழிவும் அறுவடைக் கழிவும் தவிர, எரிப்பதற்கென்றே மரம் வெட்டலாகாது என்று ஐரோப்பியப் பாராளுமன்றத்திற்கு எழுதினர்.

அண்டை மாநிலத்தின் இரு பாடங்கள்

இவ்வச்சம் நமக்குப் புதிதன்று. நமது எல்லையை ஒட்டிய கோலார் மாவட்டத்தில், ஊராருக்கு விறகு கிடைக்கும் என்று கூறித் தொடங்கப்பட்ட சமூகக் காடுத் திட்டத்தின்கீழ், கேழ்வரகு விளைந்த நிலங்களில் தைல மரம் நடப்பட்டது. அம்மரம் ஏழையின் அடுப்பிற்கு வரவில்லை. ரேயான், காகித ஆலைகளுக்கே சென்றது. உணவும் மாட்டுத் தீவனமும் குறைந்தன. 1983இல் துமகூர் மாவட்ட உழவர்கள் அரசு நாற்றங்காலிலிருந்த தைலக் கன்றுகளைப் பிடுங்கியெறிந்து, புளியும் மாவும் ஊன்றினர். 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதைத் தடை செய்தது.

அதே துமகூர் மாவட்டத்தின் ஹோசஹள்ளி வேறொரு பாடம் புகட்டுகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988இல் அச்சிற்றூரில், விறகை வாயுவாக்கி இயந்திரத்தை ஓட்டும் சிறு மின்நிலையம் அமைத்தனர். ஊரிலேயே அதற்கெனத் தோப்பு வளர்க்கப்பட்டது. விளக்கும், குடிநீரும், மாவு அரைவையும் அதனால் பல்லாண்டு கிடைத்தன. விறகு எங்கு வளர்கிறது, பயன் யாருக்குச் செல்கிறது என்பவற்றிலேயே இவ்விரு நிகழ்ச்சிகளின் வேற்றுமை அடங்கியுள்ளது.

வெப்பமா, மின்சாரமா?

காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3,500 கிலோகலோரி வெப்பம் உண்டு. சிறு வாயுவாக்கி நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 1.2 கிலோ விறகு செலவாகிறது. ஒரு யூனிட்டின் மதிப்போ 860 கிலோகலோரியே. ஆக, ஐந்தில் நான்கு பங்கு வீணாகிறது. அதே விறகை நல்ல கொதிகலனில் எரித்து நீராவியாகவே பயன்படுத்தினால் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் பயன் பெறலாம். ஆதலின் தாவர எரிபொருளை முதலில் வெப்பத்திற்குக் கொள்க, மின்சாரத்தைச் சூரிய ஒளியிலும் காற்றிலும் பெறுக என்று கூறும் அமைப்பினர் பலர். 1990களில் டெரி நிறுவனம் சுவிட்சர்லாந்தின் உதவியுடன் கர்நாடகப் பட்டு நூற்பாளரின் அடுப்புகளுக்கு வாயுவாக்கிகளை வடிவமைத்ததும் இவ்வழியைச் சார்ந்ததே. அவ்வடுப்புகளில் விறகுச் செலவு வெகுவாகக் குறைந்தது.

நமது சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, காட்டு விறகு வேண்டாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகள் யானைகளின் உறைவிடம். அவற்றின் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. மலிவாக வரும் விறகு எங்கிருந்து வருகிறது என்று வினவுவது சங்க நிர்வாகிகளின் கடமை.

இரண்டாவது, நிலத்தின் பங்கை நிலத்திற்கு விடுக. கேழ்வரகுத் தாள் மாட்டுக்கு உரியது. இலையும் சருகும் மண்ணுக்கு உரியவை. எரித்த சாம்பலில் பொட்டாஷ் சத்து வயலுக்குத் திரும்பும்; தழைச்சத்தோ புகையுடன் போய்விடும். அடுப்புக்கு ஏற்றவை மல்பெரிக் குச்சி, துவரை மாறு, கொட்டாங்குச்சி, கடலைத் தோல், மாங்கொட்டை போன்ற கெட்டிப் பொருள்களே.

மூன்றாவது, எரிபொருளை நன்கு உலர்த்துக. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே வெப்பம் வீணாகும், புகையும் பெருகும். அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அடுப்பருகே நின்று கூடு வேகவைக்கும் நம் தொழிலாளர்களே. ஒரு கூரையும், ஒரு கோடை வெயிலும், நல்ல புகைபோக்கியும் இருந்தால் போதும்.

நெசவாளரும் விளைவிப்போரும் ஒரே இயக்கத்தில் இருப்பதன் பலன் இங்கு விளங்கும். தோட்டத்துக் குச்சியை எடை போட்டு, நியாயமான விலை கொடுத்து, சாயப்பட்டறைக்குச் சேர்ப்பிக்கச் சங்கத்தால் இயலும். காடும் நிலைக்கும், உறுப்பினரின் பணமும் உறுப்பினரிடமே நிலைக்கும். வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் இப்பொருளை விவாதித்து முடிவு காண்போமாக.