ரிவால்வரா, பிஸ்டலா? துப்பாக்கி உரிமம் பெறுவோர் அறிய வேண்டியவை

புது டெல்லி: 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி அதிகாலை, வெளியூர் புறப்படவிருந்த இந்தி நடிகர் கோவிந்தா, மும்பையில் உள்ள தமது இல்லத்தில் காலில் குண்டு பாய்ந்த நிலையில் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். சுட்டவர் வேறு எவரும் அல்லர். அவர் உரிமம் பெற்று வைத்திருந்த ரிவால்வரே தவறுதலாக வெடித்திருந்தது. அதை அலமாரியில் வைக்க முயன்றபோது கை நழுவியதாக அவரது மேலாளர் தெரிவித்தார். அறுவை சிகிச்சை மூலம் குண்டு அகற்றப்பட்டு, சில நாட்களில் அவர் வீடு திரும்பினார்.

துப்பாக்கி வாங்குவோரிடையே நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை நிலவுகிறது. ரிவால்வர் பாதுகாப்பானது, பிஸ்டல் ஆபத்தானது என்பதே அது. மும்பை நிகழ்வு அந்த நம்பிக்கையின் ஒரு பாதியைக் கேள்விக்கு உள்ளாக்கியது. மறுபாதியில் உண்மை உண்டு. எந்தப் பாதி எது என்பதை, உரிமத்திற்கு விண்ணப்பிப்பவர் மட்டுமன்றி அவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர்களும் அறிந்திருப்பது நல்லது.

சட்டம் முடிவு செய்துவிட்ட கேள்வி

எது அதிக வலிமை வாய்ந்தது என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் எழுகிறது. இந்தியாவில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன்கீழ் அமைந்த விதிகளும் துப்பாக்கிகளைத் தடை செய்யப்பட்ட துளை அளவு, தடை செய்யப்படாத துளை அளவு என இரு வகையாகப் பிரிக்கின்றன. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ., .38, .455 ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. அரசுக் கிடங்கிலிருந்து கசியும் தோட்டாக்கள் தனியார் துப்பாக்கிகளில் பொருந்திவிடக் கூடாது என்ற பிரிட்டிஷ் கால எச்சரிக்கையின் எச்சம் இது. தானியங்கித் துப்பாக்கிகளுக்கும் சாதாரணக் குடிமகனுக்கு அனுமதி இல்லை.

ஆகவே, உரிமம் பெற்றவர் கடையில் காணும் ரிவால்வர்களும் பிஸ்டல்களும் பெரும்பாலும் .32 துளை அளவுடையவை. அதாவது சுமார் 7.65 மி.மீ. இதன் தோட்டாவின் ஆற்றல், காவல்துறையின் 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றலில் பாதியைக்கூட எட்டாது. அலகாபாத் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் சந்திரசேகர் ஆசாத்தின் கோல்ட் பிஸ்டலும், பகத் சிங் பயன்படுத்திய கோல்ட் பிஸ்டலும் இதே .32 அளவுடையவை என்பது பலர் அறியாத செய்தி.

இரண்டும் .32 என்பதால் ஒன்றின் தோட்டாவை மற்றொன்றில் இடலாம் என எண்ணுவது பெருந்தவறு. ரிவால்வருக்கான தோட்டா நீளமானது. அடிப்பகுதியில் அகன்ற விளிம்பு கொண்டது. பிஸ்டலுக்கானது குட்டையானது, அதன் விளிம்பு மிகச் சிறியது. துப்பாக்கிக்கு உரிய தோட்டாவைப் பெட்டியில் உள்ள முழுப் பெயரைக் கொண்டே சரிபார்க்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது.

இரண்டும் இயங்கும் விதம்

ரிவால்வரில் ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று உள்ளது. விசையை இழுக்கும்போது உருளை ஓர் அறை சுழன்று, அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வருகிறது. பின்புறச் சுத்தியல் பின்வாங்கி, பிறகு விழுந்து தோட்டாவை வெடிக்கச் செய்கிறது. இவை அனைத்தையும் நடத்துவது சுடுபவரின் விரல் வலிமை ஒன்றே.

அரைத் தானியங்கிப் பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசினில் அடுக்கப்பட்டுள்ளன. முதல் குண்டு வெளியேறும்போது எழும் பின்னுதைப்பே மேற்புறத்து ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளி, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, புதிய தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடுகிறது. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டுதான் வெளியேறும். ஆனால் அடுத்த குண்டு உடனே ஆயத்தமாகிவிடும்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்ற அனைத்தும் பிறக்கின்றன. பழைய தோட்டா ஒன்று வெடிக்காமல் போனால், ரிவால்வர் வைத்திருப்பவர் விசையை மீண்டும் இழுத்தால் அடுத்த அறை தானே வந்துவிடும். பிஸ்டல் வைத்திருப்பவர் மறு கையால் ஸ்லைடை இழுத்து, வெடிக்காத தோட்டாவை வெளியேற்ற வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு இது நொடி நேர வேலை. கை நடுங்கும் வேளையில், பயிற்சி இல்லாதவருக்கு அது இயலாமலே போகலாம். மணிக்கட்டு தளர்ந்த பிடியில் சுட்டாலும், கைப்பைக்குள் வைத்தபடியே சுட்டாலும் ஸ்லைடின் ஓட்டம் தடைப்பட்டுப் பிஸ்டல் சிக்கிக்கொள்ளக்கூடும். ரிவால்வரில் இந்தச் சிக்கல்கள் மிகக் குறைவு.

பிஸ்டலுக்கும் தனி நன்மைகள் உண்டு. அது தட்டையானது; உடலோடு ஒட்டி எடுத்துச் செல்ல எளிது. முதல் குண்டுக்குப் பின் அதன் விசை பெரும்பாலும் இலகுவாகவே இருக்கும். ரிவால்வரின் விசையையோ ஒவ்வொரு முறையும் நீண்ட தூரம், சுமார் ஐந்து கிலோ எடையைத் தூக்கும் அழுத்தத்துடன் இழுக்க வேண்டியிருக்கும். சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்தால் இந்த அழுத்தம் வெகுவாகக் குறையும். எனினும், பதற்றத்தில் அவ்வாறு செய்வது மிக ஆபத்தானது. ரிவால்வர் எளிமையானது என்பது அதன் இயக்கத்திற்குப் பொருந்தும். குறி தவறாமல் சுடுவது அதில்தான் கடினம்.

காலியா, இல்லையா?

வீட்டில் நேரும் விபத்துகளின் கோணத்தில் பார்த்தால், இரண்டுக்கும் இடையிலான மிக முக்கியமான வேறுபாடு இதுதான். ரிவால்வரின் உருளையைத் திறந்தால் எல்லா அறைகளும் ஒரே பார்வையில் தெரியும். தோட்டா இருந்தால் பித்தளை பளிச்சிடும். இல்லையெனில் துளை வழியே மறுபுறம் தெரியும். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் அறியாதவருக்கும் இதைக் கற்பிக்க ஒரு நிமிடம் போதும்.

பிஸ்டல் இவ்விடத்தில் ஏமாற்றிவிடும். மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் ஏற்கனவே அறைக்குள் ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். மேகசின் இல்லாத நிலையில் சுடாதபடி அமைந்த பிஸ்டல்கள் சில உண்டு. பல மாதிரிகளில் அந்த ஏற்பாடு இல்லை. துடைக்கும்போது வெடித்தது, நண்பரிடம் காட்டும்போது வெடித்தது என வரும் செய்திகளைப் படிக்கையில் இந்த ஒற்றைத் தோட்டாவை நினைவில் கொள்வது நல்லது.

வரிசை மாறினாலும் ஆபத்துதான். மேகசினை முதலில் கழற்றி, அதன்பின் ஸ்லைடை இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்ய வேண்டும். ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டுப் பிறகு மேகசினைக் கழற்றுபவர், ஒரு தோட்டாவை வெளியேற்றிய அதே அசைவில் இன்னொன்றை உள்ளே ஏற்றிவிடுகிறார். தாம் காலி செய்துவிட்டதாகவே அவர் நம்புகிறார்.

கீழே விழுந்தால்

மும்பை நிகழ்வுக்குத் திரும்புவோம். பழைய அமைப்பில் உள்ள பல ரிவால்வர்களில், சுத்தியல் ஓய்வு நிலையில் தோட்டாவின் அடிப்பகுதியை ஒட்டியே இருக்கும். துப்பாக்கி தரையில் விழுந்து சுத்தியலில் அடிபட்டால், விசையைத் தொடாமலே அது வெடிக்கலாம். இதனால்தான் அக்காலத்தவர் சுத்தியலுக்கு நேரான அறையில் தோட்டா இடாமல் வைத்திருந்தனர்.

1944-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கப்பல் ஒன்றில் ரிவால்வர் கீழே விழுந்து வெடித்ததில் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் சுத்தியலைத் தடுக்கும் உள் அமைப்பை மாற்றி வடிவமைத்தது. விசை முழுவதும் இழுக்கப்பட்டால் அன்றிச் சுத்தியல் தோட்டாவை எட்டாது என்ற ஏற்பாடு, பின்னர் வந்த நவீன ரிவால்வர்களில் ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெற்றது.

சிக்கல் என்னவெனில், நம் நாட்டில் துப்பாக்கிகளின் ஆயுள் மிக நீளமானது. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தவை, பிரிட்டிஷ் காலத்தில் இறக்குமதியானவை, பலமுறை கைமாறியவை ஆகியன இன்றும் உரிமங்களில் பதிவாகியுள்ளன. இவற்றுள் சிலவற்றில் அந்தத் தடுப்பு அமைப்பே கிடையாது; சிலவற்றில் அது தேய்ந்திருக்கும். பழைய ரிவால்வரை வாங்குபவரோ மரபுவழி பெறுபவரோ, உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் இந்த ஒன்றை மட்டுமாவது சோதித்துக்கொள்வது அவசியம். வெளிப்புற மெருகு எதையும் உணர்த்தாது.

சந்தையில் இருப்பவை

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் பல ஆண்டுகளாக நன்கு அறியப்பட்டது. குழலை முன்புறமாக மடக்கித் திறக்கும் பழைய வெப்லி பாணியில் அமைந்தது அது. டெல்லி மாணவி கொல்லப்பட்ட 2012-ஆம் ஆண்டு நிகழ்வைத் தொடர்ந்து, பெண்களுக்கானது என்ற அறிவிப்புடன் 2014-இல் ‘நிர்பீக்’ ரிவால்வர் வெளிவந்தது. எடை சுமார் 500 கிராம். அறிமுக விலையோ சுமார் 1.22 லட்சம் ரூபாய். யாருக்காகச் செய்யப்பட்டதாகக் கூறப்பட்டதோ, அவர்களில் எத்தனை பேரால் அந்த விலையைக் கொடுக்க முடியும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையில் கூடுதலாக உணரப்படும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

2023 ஆகஸ்டில் கான்பூரின் அரசு நிறுவனமான அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா, ‘பிரபல்’ ரிவால்வரை வெளியிட்டது. அதன் உருளை பக்கவாட்டில் திறக்கும். 50 மீட்டர் வரை பயன்தரும் என்பது அதன் முக்கிய விளம்பரம். தற்காப்புக்காக வாங்குபவருக்கு இதனால் என்ன நன்மை என்பது விளங்கவில்லை. 50 மீட்டர் தொலைவில் நிற்பவரைச் சுட்டுவிட்டு, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தது என்று நீதிமன்றத்தில் நிறுவுவது எளிதன்று. பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தற்காப்பு உரிமையை வழங்குகிறது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவிப்பதையும், காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தும் தாமே தாக்குவதையும் அது ஏற்பதில்லை.

பிஸ்டல் பிரிவில் அரசுத் தொழிற்சாலைகளின் ‘அஷானி’ .32 பிஸ்டல் பரவலாகக் கிடைக்கிறது. காவல்துறையே ரிவால்வரைக் கைவிட்டு 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறிவிட்டதே என்று விற்பனையாளர்கள் கூறுவதுண்டு. மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் தயாராகும் அந்தப் பிஸ்டலின் மேகசின் 13 தோட்டாக்கள் கொள்ளும். அதை ஏந்துபவருக்குப் பயிற்சியும் உண்டு, தோட்டாவை அரசே வழங்குகிறது. இவை இரண்டும் இல்லாத குடிமகனுக்கு அந்த ஒப்பீடு பொருந்தாது.

உரிமத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க இயலாது. பல மாவட்டங்களில் சுட்டுப் பழக அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் களமும் இல்லை. 2016-ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்தும் பாதுகாப்புப் பயிற்சியுடன் பலரது பழக்கம் நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறைகூடச் சுடாமல், துப்பாக்கியைப் பெட்டகத்தில் வைத்திருக்கப் போகிறவருக்கு, தடுப்பு அமைப்பு கொண்ட நவீன ரிவால்வரே ஏற்றது. துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்து தொடர்ந்து பழகுபவர் பிஸ்டலை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இந்தத் தேர்வைவிடப் பூட்டும் பெட்டகமே முன்னுரிமை பெற வேண்டும்.

மாற்றிக்கொள்வது எளிதன்று

உள்துறை அமைச்சகத்தின் கணக்கின்படி 2016-ஆம் ஆண்டு இறுதியில் நாட்டில் சுமார் 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. திருமண ஊர்வலங்களிலும் விழாக்களிலும் அலட்சியமாக வானை நோக்கிச் சுடுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கவும் அது வழிசெய்தது. வாங்கிய துப்பாக்கி பிடிக்கவில்லையெனில், உரிமம் வழங்கிய அலுவலகத்தின் அனுமதியும் பதிவும் இன்றி வேறொன்றாக மாற்ற இயலாது.

தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வரும்போது, உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ அங்கீகரிக்கப்பட்ட கடையிலோ ஒப்படைக்குமாறு மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிடுவது வழக்கம். அன்று காவல் நிலைய மேசையில் துப்பாக்கியை வாங்கி ஆராய்பவர், அந்த மாதிரியை முன்பின் கண்டிராத காவலராக இருக்கக்கூடும். பிஸ்டலாயின் மேகசினைத் தனியாகவும், ஸ்லைடைப் பின்னுக்குப் பூட்டியும், ரிவால்வராயின் உருளையைத் திறந்தும் அவரிடம் கொடுக்க வேண்டும்.