ஜப்பானில் ஆசிரியர் பணி: காலி வீட்டைக் குறைந்த செலவில் தயார் செய்வது எப்படி?

புது டெல்லி: ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கத் தேர்வான இளம் ஆசிரியர் ஒருவர், நீண்ட பயணத்துக்குப் பின் தமக்கான வாடகை வீட்டின் கதவைத் திறக்கிறார். உள்ளே படுக்கை இல்லை, அடுப்பு இல்லை, சன்னலுக்குத் திரை இல்லை. உட்கூரையில் விளக்கு கூட இல்லை. ஜப்பானில் வாடகை வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஒப்படைக்கப்படுகின்றன. முந்தைய குடித்தனக்காரர் விளக்கு, திரைச்சீலை, அடுப்பு என அனைத்தையும் எடுத்துச் சென்றுவிடுவது அங்குள்ள வழக்கம்.

யாருக்கு இது பொருந்தும்? வெளிநாட்டுப் பட்டதாரிகளைப் பள்ளிகளில் உதவி மொழி ஆசிரியர்களாக நியமிக்கும் 'ஜெட்' திட்டத்தை ஜப்பான் 1987-ஆம் ஆண்டு தொடங்கியது. இதில் பங்கேற்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ஊதிய விகிதப்படி, முதலாண்டு ஊதியம் வரிப் பிடித்தத்துக்கு முன் சுமார் 40.2 லட்சம் யென். விமானக் கட்டணமும் வழங்கப்படுகிறது. ஆனால், வீட்டு வசதி நியமிக்கும் நகராட்சியைப் பொறுத்து மாறுபடும். சில இடங்களில் பொருள்களுடன் கூடிய வீடு கிடைக்கும். சில இடங்களில் வெற்று அறைதான்.

முதல் மாதச் சுமை: வாடகை வீட்டுக்குள் நுழையும்போதே 'ஷிகிகின்' எனப்படும் முன்பணம், திரும்பக் கிடைக்காத 'ரெய்கின்' எனப்படும் நன்றிப் பணம், தரகுக் கட்டணம், உத்தரவாத நிறுவனக் கட்டணம் ஆகியவற்றைச் செலுத்த வேண்டியிருக்கும். இவை சேர்ந்து பல மாத வாடகையை எட்டிவிடக்கூடும். முதல் ஊதியம் வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், கையில் எஞ்சும் தொகையை எதற்கு முதலில் செலவிடுவது என்பதே முக்கியமான கேள்வி.

முதலில் எவை? முதல் நாளுக்குத் தேவை மூன்று பொருள்கள்: விளக்கு, திரைச்சீலை, படுக்கை. பெரும்பாலான வீடுகளின் உட்கூரையில் பொது அளவிலான மின் இணைப்பு உள்ளது. அதில் விளக்கைப் பொருத்தித் திருகினால் போதும், மின்பணியாளர் தேவையில்லை. கட்டிலுக்குப் பதில் 'ஃபுதோன்' எனப்படும் மடிப்பு மெத்தையை வாங்கினால் செலவும் குறையும், பகலில் இடமும் மிஞ்சும். ஆனால், அதை நாள்தோறும் மடித்து எடுக்க வேண்டும். தரையிலேயே விட்டுவைத்தால் ஈரம் தங்கி, குறிப்பாக ஜூன், ஜூலை மழைக்காலத்தில், பூஞ்சை படரும்.

அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் முதல் வாரத்துக்கு உரியவை. நாணயம் போட்டு இயக்கும் சலவை நிலையங்கள் பரவலாக இருப்பதால், சலவை இயந்திரம் முதல் ஊதியம் வரை காத்திருக்கலாம். தட்டு, கரண்டி, வாளி போன்ற சிறு பொருள்களுக்கு '100 யென் கடைகள்' உள்ளன. வரியுடன் சேர்த்துப் பெரும்பாலான பொருள்களின் விலை 110 யென். தற்போதைய மதிப்பில் ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்றே அதிகம்.

ஊரிலிருந்து மிக்ஸி வேண்டாம்: இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்; ஜப்பானில் 100 வோல்ட். இங்கிருந்து கொண்டு செல்லும் மின் அடுப்போ, தண்ணீர் சூடாக்கும் கெண்டியோ அங்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வெப்பத்தையே தரும். மிக்ஸியும் சரியாகச் சுழலாது. மேலும், டோக்கியோ உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா உள்ளிட்ட மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் வழங்கப்படுகிறது. பழைய மைக்ரோவேவ் அடுப்பு வாங்குவோர், அது தங்கள் பகுதிக்கு ஏற்றதா எனப் பார்ப்பது அவசியம். எரிவாயுவிலும் குழாய் வழி நகர எரிவாயு, சிலிண்டர் எரிவாயு என இரு வகைகள் உண்டு. ஒன்றுக்கான அடுப்பை மற்றொன்றில் பயன்படுத்துவது ஆபத்து. அடுப்பில் ஒட்டப்பட்டுள்ள சீட்டில் வகை குறிப்பிடப்பட்டிருக்கும்.

பழைய பொருள் ஏன் மலிவு? இதற்கான விடை ஜப்பானின் கழிவுச் சட்டத்தில் உள்ளது. 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்சாதன மறுசுழற்சிச் சட்டத்தின்படி, ஏசி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றைக் கழிப்பவரே அதற்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டும். சலவை இயந்திரத்துக்கு 2,500 யென் அளவிலும், சிறிய குளிர்சாதனப் பெட்டிக்கு 3,700 யென் அளவிலும் மறுசுழற்சிக் கட்டணம் உண்டு. எடுத்துச் செல்லும் கூலி தனி. மேசை, மெத்தை போன்ற பெரிய பொருள்களை வெளியேற்றவும் நகராட்சியில் முன்பதிவு செய்து, கட்டணச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும்.

எனவே, வீடு மாறுவோர் பலர் பொருள்களை மிகக் குறைந்த விலைக்கோ, இலவசமாகவோ கொடுக்க முன்வருகின்றனர். 'ஹார்ட் ஆஃப்', 'செகண்ட் ஸ்ட்ரீட்' போன்ற மறுவிற்பனைக் கடைகளும், உள்ளூர் மக்கள் தங்களுக்குள் பொருள்களைக் கைமாற்றிக்கொள்ளும் 'ஜிமோட்டி' தளமும் இதற்கு உதவுகின்றன. கல்வியாண்டும் நிதியாண்டும் ஏப்ரலில் தொடங்குவதால், மார்ச் மாதத்தில் வீடு மாறுவோர் மிக அதிகம். பழைய பொருள்களும் அப்போது அதிகம் கிடைக்கும்.

இலவசத்திலும் கவனம் தேவை: அதே பள்ளியில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பும் ஆசிரியர், வீட்டிலுள்ள அனைத்தையும் புதியவரிடம் விட்டுச் செல்வது வழக்கம். இது பெரிய உதவிதான். ஆனால், 15 ஆண்டு பழைய குளிர்சாதனப் பெட்டியை ஏற்றுக்கொண்டால், அதைக் கழிக்கும் செலவும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஆகவே, ஒப்புக்கொள்வதற்கு முன் புகைப்படமும் தயாரிப்பு ஆண்டும் கேட்டறிந்து, வேண்டியதை மட்டும் ஏற்பது நல்லது.

நிலநடுக்கமும் சுவர்களும்: உயரமான அலமாரிகள் நிலநடுக்கத்தின்போது சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே படுக்கும் இடத்துக்கு அருகில் உயரம் குறைந்த பொருள்களே பாதுகாப்பானவை. வாடகை வீட்டின் சுவரில் துளையிட்டால், காலி செய்யும்போது அதற்கான செலவு முன்பணத்தில் கழிக்கப்படலாம். இரு சுவர்களுக்கு இடையே இறுக்கிப் பொருத்தும் கம்பிகள் இதற்கு மாற்றாகப் பயன்படுகின்றன.

புறப்படும் நாளை நினைத்து வாங்குங்கள்: ஜெட் ஒப்பந்தம் ஓராண்டுக்கானது, அதிகபட்சம் 5 ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படலாம். எனவே வாங்கும் ஒவ்வொரு பொருளும் ஒருநாள் வெளியேற வேண்டியதே. கடைசி நேரத்தில் எங்கேனும் வீசிவிட்டுச் செல்வது அங்கு கடும் குற்றம். 5 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 1 கோடி யென் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 'இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்' என ஒலிபெருக்கியில் கூவி வரும் உரிமமற்ற வண்டிகள், பொருளை ஏற்றிய பின் பெருந்தொகை கேட்பதாகவும் புகார்கள் உள்ளன.

ஒரு பொருளை வாங்கும் முன், அதன் விலையோடு அதை வெளியேற்ற ஆகும் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்தால், முதல் ஊதியம் வரும்வரை விளக்கும் படுக்கையும் அடுப்புமே போதும் என்பது புரியும்.