டி.சி. வாங்குவதற்கு முன்

டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பெற்றோருக்கு முதலில் வரும் பயம் சட்டத்தைப் பற்றியது. அந்தப் பயம் அவ்வளவு தேவையில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறினால் பெற்றோருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. அதேசமயம் வீட்டுக் கல்வியை உரிமையாகவும் அது தரவில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கடுமையான அல்லது பல்வகை மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைக் கொடுத்தது. மற்ற பிள்ளைகளைப் பொறுத்தவரை, நிறுத்துவதால் எதை இழக்கிறோம், பிறகு எந்த வழியாகத் திரும்புவோம் என்பதே கேள்வி.

இழப்பு வீட்டுக்கு வீடு மாறும். தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்ப்பவரின் மகள் அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்பு படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். நடுவில் நிறுத்தினால் இரண்டும் கைவிட்டுப் போகும். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கும் இழப்பு உண்டு. அந்தச் சேர்க்கை தொடக்க வகுப்பில் மட்டுமே நடப்பதால் விட்ட இடம் திரும்பக் கிடைக்காது. முழுக் கட்டணம் கட்டி சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்க வைப்பவருக்கு இந்த இழப்புகள் இல்லை. ஒருவருக்குச் சரிப்பட்டது அடுத்த வீட்டுக்கும் சரிப்படும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது தேர்வு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. மாநிலப் பாடத்திட்டம் என்றால், பன்னிரண்டரை வயது நிறைந்தபின் 8ஆம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, 80 சதவீத வருகையும் காட்ட வேண்டும். வீட்டில் படித்தாலும் ஏதோ ஒரு பள்ளியின் ஆய்வகத்துக்குப் போகாமல் முடியாது.

பள்ளியில் அடியும் கேலியும் மதிப்பெண் நெருக்கடியும் இருக்கும்போது பிள்ளையை அங்கேயே விட்டு வைப்பதா என்று கேட்பார்கள். விட்டு வைக்க வேண்டாம். ஆனால் அதற்கு முதல் மருந்து வேறு பள்ளி. அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே தடை செய்கிறது. டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி அடுத்த அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பள்ளிக்குப் போகிறவர்கள் எல்லோரும் படித்துவிட்டார்களா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பள்ளியில் ஒரு பிள்ளை பின்தங்கினால் பார்ப்பதற்கு நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டில் அது பெரும்பாலும் தாய் ஒருவரின் தலையில் விழுகிறது, பல வீடுகளில் அவருடைய வேலையையும் பறித்துக்கொண்டு.

டி.சி. கொடுத்ததும் பிள்ளையின் பெயர் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் உள்ள ‘காமன் பூல்’ பட்டியலுக்குப் போகிறது. பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடும் ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து விசாரிக்கலாம். அவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் மீண்டும் சேர்ந்து சிறப்புப் பயிற்சி பெறக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. எந்தத் தேர்வை எந்த ஆண்டில் எழுதப்போகிறோம், தினமும் யார் சொல்லிக்கொடுப்பது, ஓராண்டில் சரிப்படாவிட்டால் எந்தப் பள்ளிக்குத் திரும்புவது என்ற மூன்றுக்கும் கையில் பதில் உள்ளவர்கள் டி.சி. கேட்கலாம். இல்லாதவர்கள் இப்போதைக்குப் பள்ளியை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.